முப்பது வயது விருந்து

ஒஷினோ சமைக்கும் சிவப்புக் காராமணிச் சோற்றை ஒருமுறை சாப்பிட்டவன் வேறு வீட்டில் கை நனைக்க மாட்டான். நாளை அது என் வீட்டில் பொங்கப் போகிறது, ஒரு முழு மீனோடு. எனக்கு முப்பது வயது நிறைகிறது. வெளியூரில் அறுபது வயதுக் கிழவனுக்குச் செய்யும் கொண்டாட்டத்தை, எங்கள் ஐகாவா பொன்சுரங்கத்தில் முப்பதைத் தொட்ட உளிக்காரனுக்குச் செய்வார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே கல்தூசு ஆளைத் தின்றுவிடும். விருந்தில் இரண்டு கிண்ணம் உள்ளே போனால் என் வாய் நிற்காது. உளறுவதைவிட முன்னாலேயே நிதானமாகச் சொல்லிவிடுவது நல்லது. மகோரோகு அண்ணன் செத்த கதையைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் உளிக்காரன் இல்லை, காற்றுப் பெட்டி சுற்றுகிறவன். வயலில் நெல் தூற்றுகிற அதே விசிறிப் பெட்டிதான். அதைச் சுரங்கத்துக்குள் கொண்டுவந்து, மூங்கில் குழாயைப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருப்பவனுக்கு மூச்சு வரும். பொன்ரேகையின் அகலம் இரண்டு விரல். அதைத் தொடர்ந்து குடைகிற பொந்தில் ஒரே ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம், திரும்ப முடியாது. மகோரோகு அண்ணன் தலையை மலைத் தெய்வத்துக்கும் பிட்டத்தை எனக்கும் காட்டியபடி உளியடிப்பார். பாறை மனமிளக வேண்டும் என்று அந்தத் தெய்வத்துக்கு ஒரு பாட்டு வேறு பாடுவார். அந்தக் குரலுக்குப் பாறை இளகியதாகத் தெரியவில்லை. எழுந்து ஓட வழியில்லாததால் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

ஒஷினோ அவருடைய மனைவி. அவளுடைய முதல் புருஷனும் உளிக்காரன்தான், இருபத்து நாலு வயதில் இருமியே போய்ச் சேர்ந்தான். எங்கள் ஊரில் இதெல்லாம் மறைக்கிற விஷயமில்லை. உளிக்காரன் பெண்டாட்டிமேல் ஆசை வைத்தவன் கொஞ்சம் பொறுத்தால் போதும். நான் பொறுத்தேன். யாரையும் இடித்துத் தள்ளவில்லை. அவர்கள் வீட்டில் விறகு பிளந்தேன், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட்டு, போன மாதத்தைவிட அதிகமா என்று கவனித்தேன்.

அந்த மனிதரோ கூச்சமே இல்லாமல் முப்பதைத் தொட்டார். இருமலும் குறைந்துவிட்டது. உலகத்துக்கென்று ஒரு ஒழுங்கு வேண்டாமா? விருந்தில் சட்டியிலிருந்த முழு மீனின் கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டே, எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"என்னடா யோஹெய், இந்த ஆளு எப்பப் போவான்னு பாத்துக்கிட்டு இருக்கியா? நல்லாப் பாரு. எங்கப்பாரு எழுபது வரைக்கும் இருந்தாரு."

"அவரு வயல்ல வேலை செஞ்சாருண்ணே," என்றேன்.

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. ஒஷினோதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனை ஏங்க சீண்டுறீங்க? பாவம், சோத்தைத் திங்கட்டும்," என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த விருந்துக்கு விறகு முழுவதையும் பிளந்தது நான். என்னைக் கேலி செய்யட்டும், பரவாயில்லை. அவள் 'பாவம்' என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு இறங்கினோம். விறகு பிளந்ததில் என் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. அண்ணன் பொந்துக்குள் போய்ப் பாட்டை எடுத்தார். கை வலித்ததால் சுற்றுவதை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. சுத்தியலால் பாறையைத் தட்டினார், காற்று வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் தோளை நீவிக்கொண்டிருந்தேன்.

"டேய், காத்து! தூங்கிட்டியாடா?"

தூங்கவில்லை. ஆனால் அதைக் கத்திச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன?

பிறகு அவர் பின்பக்கமாகவே நகர்ந்து வர ஆரம்பித்தார். என் விளக்கு வெளிச்சத்தில் முதலில் இரண்டு குதிகால்கள் தெரிந்தன, வைக்கோல் செருப்போடு. பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பார். ஆனால் அவர் மூத்தவர், அதுவும் முந்தின நாள்தான் ஊரே வணங்கிய முப்பது வயதுக்காரர். அப்படிப்பட்டவரைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பது மரியாதையாகாது. கால்கள் கொஞ்சம் உதைத்துக்கொண்டன, அப்புறம் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கை வலி விட்டுவிட்டது, மறுபடி சுற்றினேன். அன்றைக்குச் சுற்றியதுபோல் என்றைக்குமே சுற்றியதில்லை.

மேஸ்திரி வந்து பார்த்தார். "முப்பது வயசு ஆளு. போகாம என்ன பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒஷினோ அழுதாள். இவ்வளவு அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை. வருஷம் திரும்பியதும் போய்க் கேட்டேன்.

"காத்துப் பெட்டி சுத்துறவன் கூலியில உப்புக்கூட வாங்க முடியாதுடா. உளியப் பிடி, அப்புறம் வா," என்றாள்.

பிடித்தேன். இப்போது நான் உள்ளே, ஒருக்களித்தபடி. பாட்டும் பாடுகிறேன், என் குரல் பரவாயில்லை என்கிறார்கள். இருமல் உண்டு, ஆனால் ஆளைக் கொல்லுகிற இருமல் இல்லை.

பெட்டி சுற்றுவதற்குத் தொமெகிச்சி என்று ஒருத்தன் வந்திருக்கிறான். தங்கமான பையன். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, நாளைய விருந்துக்கு விறகெல்லாம் அவன்தான் பிளந்து போட்டிருக்கிறான். நான் இருமினால் ஓடிவந்து முதுகைத் தடவிவிடுவான். "அண்ணே, உங்கப்பாரு எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு?" என்று அக்கறையாகக் கேட்பான். ஒஷினோ அவனுக்கு ஒரு அகப்பை கூடுதலாகவே போடுகிறாள், வளர்கிற உடம்பு.

இன்று நடுவில் காற்று கொஞ்ச நேரம் நின்றது. விளக்கின் சுடர் சுருங்கியது. தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன். அப்புறம் வந்தது. வெளியே வந்து என்னடா என்று கேட்டதற்கு, "விறகு பொளந்ததுல கை வலிண்ணே," என்றான். எனக்கு மனசு இளகிவிட்டது. கை வலி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?