இருபத்தாறு கைகள்

— கையை இன்னொரு தடவை கழுவு தம்பி. மீன் வாசம் அறை முழுக்க அடிக்குது.

— மூணு தடவை கழுவிட்டேன் ஹார்ம்ஸ் மேடம். உட்காரவே முடியலை. பக்கத்து அறையில மூணு அதிகாரிங்களும் என் தலையெழுத்தைப் பேசிக்கிட்டிருக்காங்க.

— பேசட்டும். அவங்க முன்னாடி நடத்துற தேர்வுப் பாடம் முடிஞ்சா பேசத்தான் செய்வாங்க.

— உங்களுக்கென்ன, நீங்க எப்பவோ டீச்சர் ஆயிட்டீங்க! இது எனக்கு ரெண்டாவது தடவை. இதுலயும் தேறலைன்னா ஜெர்மனியில எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நான் வாத்தியார் ஆக முடியாது.

— பதறாதே ஒன்னோ தம்பி. தேநீர் ஊத்திக்கோ.

— அந்த மூணு பேர்ல பெரியவரு ரெம்மர்ஸ் ஐயா ஒரே கோப்பை குடிச்சிட்டு, போதும்னு கரண்டியை உள்ள போட்டுட்டாரே, பார்த்தீங்களா? மூணு கோப்பைக்கு முன்னாடி நம்ம ஊர்ல யாராவது கரண்டியைப் போடுவாங்களா? என் மேல கோவம்தான்.

— அவருக்கு வயித்துப் புண்ணுப்பா. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

— சும்மா வரலை சந்தேகம். நடுவுல உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. என்ன கேட்டாங்க?

— உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க எப்பவுமே இப்படித்தான் கை தூக்குவாங்களான்னு.

— எனக்கும் அதுதான் உதைச்சுது. ஹெரிங் மீனோட செவுள் எதுக்குன்னு கேட்டேன், இருபத்தாறு கை. காத்துப்பை எதுக்குன்னு கேட்டேன், அதுக்கும் இருபத்தாறு கை. நேத்து வரைக்கும் நாலு கைக்கு மேல எழுந்ததில்லை மேடம். அதுல ரெண்டு, கழிப்பறைக்குப் போகணும்னு.

— அந்த ஐக்கே பயலைக் கூப்பிட்டே பாரு, அங்கதான் குட்டு உடைஞ்சுது.

— “நான் இடது கையைத்தானே தூக்கினேன், என்னை ஏன் கூப்பிடுறீங்க?”ன்னு அழவே ஆரம்பிச்சுட்டான். அப்ப எனக்கு ஒண்ணும் ஓடலை. இங்க வந்து உட்கார்ந்து யோசிச்சப்பத்தான் புரிஞ்சுது. பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. யாரோ அதுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

— யாரோவா? உன்னைத்தான் சந்தேகப்பட்டாங்க.

— நான் சொல்லிக் கொடுத்திருந்தா இடது கைக்காரனைப் போய்க் கூப்பிடுவேனா?

— அது நியாயம்தான். சொல்றேன் கேளு...

— நீங்க முதல்ல கேளுங்க. நான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன். செப்டம்பர்ல என் பாடத் திட்டம் நகல் எந்திரத்துக்கிட்ட இருந்து காணாமப் போச்சு, ரெண்டு நாள் கழிச்சு உங்க அலமாரியில கிடந்துச்சு. நவம்பர்ல நான் நாலு நிமிஷம் தாமதம்னு வகுப்புப் பதிவேட்டுல எழுதினீங்க, அதுவும் சிவப்பு மையில. இன்னைக்குக் காலையில முதல் பீரியட்...

— விளையாட்டு வாத்தியார் வரலை, அந்த வகுப்புக்கு நான் போனேன். கதவையும் சாத்தினேன். அதானே?

— அப்ப நீங்கதான்! என்னைக் கவுக்கத்தானே?

— கவுக்கவா! சொல்றேன் கேளு. போன வருஷம் இங்க இதே தேர்வுல தோத்துப்போன பொண்ணு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அவளோட ஒன்பது பீரியடும் என் தலையில விழுந்துச்சு. எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு தம்பி. இந்தக் கோடையோட வீட்டுல உட்காரணும். நீ தேறினாத்தான் தலைமையாசிரியர் என்னை விடுவாரு. எனக்கென்ன உன் மேல பாசமா?

— அதுக்காக என் தேர்வுலயே திருட்டு வேலையா?

— நாலு கையை வெச்சுக்கிட்டு நீ தேறியிருப்பியாக்கும்?

— தேறியிருக்கலாம்ல! அறுத்து முடிச்சதும் பிள்ளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து செவுளைப் பார்த்தாங்களே, மணி அடிச்சும் போகாம நின்னாங்களே, அது? அதுவும் நீங்க சொல்லிக் கொடுத்ததா?

— அது எனக்குத் தெரியாது.

— எனக்கும் தெரியாமப் பண்ணிட்டீங்க. நான் நல்லா நடத்தினேனா இல்லையான்னு இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்?

— சான்றிதழைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோ. சட்டையைச் சரி பண்ணு, கூப்பிடப் போறாங்க.

— கூப்பிடுற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்லை. இப்பவே உள்ள போறேன். நடந்ததை அப்படியே ரெம்மர்ஸ் ஐயாகிட்ட சொல்றேன்.

— உளறாதே. உட்காரு.

— இந்த மாவட்டத்துலயே கறாரான மனுஷன் அவரு. நான் செய்யலைன்னு புரிஞ்சா வேற ஒரு நாள் குறிச்சுக் கொடுப்பாரு. உங்களைத்தான் உண்டு இல்லைன்னு பண்ணுவாரு.

— தாராளமாப் போ தம்பி. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே பள்ளிக்கூடத்துல தன்னோட தேர்வுப் பாடத்துக்கு முந்தின நாள், பிள்ளைங்களுக்கு இடது கையைச் சொல்லிக் கொடுங்கன்னு என்கிட்ட வந்து கெஞ்சினதே அவர்தான். கொஞ்சம் முன்னாடி உள்ள போய் அதைத்தான் அவர் காதுல போட்டுட்டு வந்தேன்.