மூடியில் ஓர் ஊசித் துளை

புல்வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது. தோள்பட்டை கழன்று விழும்வரை இழுப்பார்கள். அதற்கு என்ன குறை என்று பார்க்க மாட்டார்கள். காற்று, பெட்ரோல், தீப்பொறி இந்த மூன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தால் அது ஓடித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் கேட்டது என் தங்கையின் கணவரைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அலுவலக வளாகத்தில் தோட்டப் பராமரிப்பு அவர் வேலை. மெஷின் படுத்துவிட்டால் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். பெட்ரோலில் ஆயிலைக் கண்மதிப்பில் ஊற்றிக் கலந்து, பிளக்கைக் கரிக்கட்டையாக்கி வைத்திருப்பார். "கொஞ்சம் கூடப் போனா என்ன மச்சான், குடிச்சிட்டுப் போகட்டுமே" என்று சிரிப்பார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். என் தங்கையும் அவரோடு சேர்ந்து அப்படிச் சிரிக்கப் பழகிவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். எங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அவ்வளவு அடக்கமாக வளர்த்திருந்தேன்.

பிறகு அவருக்கு எங்கேயோ தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. தங்கைதான் வந்து சொன்னாள்.

"பெரிய பூங்காவாம் அண்ணா. தங்க வீடும் குடுக்கறாங்களாம்."

"ஆத்திர அவசரத்துக்கு அங்க உனக்கு யார் இருக்கா?"

"அவரு இருக்காருல்ல" என்றாள். ஒரு நொடியாவது யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், மதியம் நல்ல மழை. மாப்பிள்ளை நனைந்துகொண்டே மெஷினோடு வந்தார். "கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்புறம் அதுவா நின்னுடுது மச்சான்" என்றார். கண்கள் சிவந்திருந்தன. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மாத்திரை போட்டிருக்கேன். உள்ள கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

கடைக்குப் பின்னால் உதிரி பாகங்கள் வைக்கும் அறை இருக்கிறது. கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அங்கிருந்த நீள பெஞ்சில் படுத்தார். படுத்ததும் தூங்கிப்போனார்.

ஓடி ஓடி நிற்கிற மெஷினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மேஜைமேல் ஏற்றி ஓடவிட்டேன். மழைச்சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை இறக்கினேன். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால், புகையை வெளியே தள்ளும் ஃபேனை நிறுத்தினேன். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும், இதில் எதையும் தப்பு என்று சொல்ல மாட்டான். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, மூடிட்டு உள்ள ஓட விட்டிருக்க? உன் மாப்பிள்ளை வந்தாரே?"

"அப்பவே போயிட்டாரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். வாயில் வந்துவிட்டது.

சற்று நேரத்தில் என்ஜின் சத்தம் தேய்ந்தது. இரண்டு முறை விக்கியது. நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது.

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஷட்டரை இடுப்பளவு தூக்கி, குனிந்து உள்ளே போனேன். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சுக்கு அருகில் நட்டு டப்பா கவிழ்ந்து கிடந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"மச்சான்... தலை சுத்துது. ஷட்டரை முழுசாத் தூக்குங்களேன்."

"காய்ச்சல்தான் மாப்பிள்ளை. படுங்க. இதோ தூக்கறேன்."

அவர் என்னை நம்பினார். மறுபடி படுத்துக்கொண்டார். கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மெஷினிடம் போனேன். பிளக்கில் பொறி இருந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அதுதான் குறை. பெட்ரோல் இறங்க இறங்க வெளிக்காற்று டேங்குக்குள் போக, மூடியில் ஓர் ஊசித் துளை இருக்கும். அது அழுக்கால் அடைத்திருந்தது. மூச்சுவிட முடியாமல்தான் மெஷின் நின்றிருக்கிறது. ஊசியால் குத்தி, ஊதிச் சுத்தம் செய்து, டேங்கை நிரப்பி மூடினேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன். இந்த முறை பூட்டினேன்.

தங்கை போன் செய்தாள். "அவரு அங்கயா இருக்காரு அண்ணா? போன எடுக்க மாட்டேங்கறாரு."

"தூங்கறாரும்மா. எழுப்பாத."

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"குறைஞ்சிடும்."

"நீ பக்கத்துல இருக்கன்னா சரி" என்று வைத்துவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் மெஷின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் காலியாகும்வரை ஓடியது.

மெஷின் தானாக நின்றபோதாவது அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். அவர் ஒடிசலான ஆள்தான், ஒரு கையே போதும். நான் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்யவில்லை. அவரைக் கொன்றது நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஆனால் கோபத்தில் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. தெரியாத ஊரில் என் தங்கை திண்டாடக் கூடாது என்ற ஒரே நினைப்புதான். அதுவும் அந்த மழையில், அந்த நிமிஷத்தில் வந்த நினைப்பு. முன்கூட்டித் திட்டம் போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அவள் என்னைப் பார்க்க வர மாட்டேன் என்கிறாளாம். பரவாயில்லை, அழுது தீர்க்கட்டும். நீங்கள் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் அவள் அறை தயாராக இருக்கிறது. வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, அவர்கள் இருவரும் வந்தால் படுக்கிற அகலக் கட்டிலை எடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் ஓர் ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஊர் மாறப் போகிறோம் என்று அவள் வந்து சொல்லிவிட்டுப் போனாளே, அதற்கு மறுநாளே.