நகம் வளரும் வேகம்

பாயான் லெப்பாஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி ஃபேக்டரி யூனிஃபார்மில். மற்றவள் அந்தக் காலை வெயிலிலும் பட்டுச்சேலை, தலைகொள்ளாத மல்லிகை.

"அக்கா, இந்தியா நம்ம பக்கமாத்தான் நகந்து வருதாம்," என்றாள் யூனிஃபார்ம்காரி.

"யாரு சொன்னா?"

"டிவியில காட்டுனான்லா. பூமி பாளம் பாளமா இருக்காம். இந்தியா இருக்குற பாளம் வருசத்துக்கு நகம் வளர்ற அளவுதான் நகருமாம். சுமத்ரா பக்கம் நம்ம பாளத்தோட வந்து சேருது. சேர்ற எடத்துலதான் எரிமலை, நடுக்கம் எல்லாம்."

"எங்க வீட்டுக்காரரு விசாவுக்கு அந்த வேகம் எவ்வளவோ தேவலலா. மெட்ராஸ்லயே மூனு வருசம் உக்கார வச்சுட்டான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

ஏர்போர்ட் நிறுத்தம் வந்தது. பட்டுச்சேலை எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா, கை ஏன் இப்படி நடுங்குது?"

"அவரு ப்ளேன் எறங்கியிருக்கும்டி. சேர்ற எடத்துல நடுங்கும்னு நீதானே சொன்ன?"