கோழித் தட்டின் அடியில் இருந்த பெயர்

என் பெயர் லோர்னா புரூயிட். வயது 63. காலஞ்சென்ற டுவெய்ன் புரூயிட்டின் மனைவி. ஒஹாயோ மாநிலம், ஜேன்ஸ்வில், ஹிக்கரி சந்து, 418ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.

நானும் என் தோழி வெர்னா ஸ்டோல்ட்ஸும் இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பழைய சாமான் விற்கும் வீடுகளுக்குப் போய், 1950களில் வந்த வேடிக்கைப் பீங்கான் தட்டுகளைச் சேர்த்து வந்தோம். முதுகில் சாஸ் கிண்ணம் சுமக்கும் பன்றி, முட்டைக்கோஸ் இலைத் தட்டு என்று அவளிடம் அறுபது உருப்படிகள் இருந்தன. தனக்குப் பின் எது யாருக்கு என்று, எங்கள் ஊர் வழக்கப்படி, ஒவ்வொன்றின் அடியிலும் நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாள். அவித்துப் பாதியாக வெட்டிய முட்டைகளை வைக்கப் பன்னிரண்டு குழியுள்ள மஞ்சள் கோழித் தட்டில் என் கண்ணெதிரே என் பெயரை எழுதி, "இது உனக்குத்தான்டி. நான் போனதும் யாரையும் கேக்காம எடுத்துக்கோ" என்றாள்.

மார்ச் 3ஆம் தேதி வெர்னா இறந்தாள். அதன் பிறகு, அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பிடும்போது, அவள் அண்ணன் மகள் டார்லா என் முகத்தைப் பார்க்காமல், பீங்கானெல்லாம் பெட்டியில் கட்டியாகிவிட்டது என்றாள். நான் கேட்காமலே அவளாகச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அதன் பிறகு 10ஆம் தேதி காலை அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டேன். டார்லா தட்டை என் கையில் தராமல் தூரத்திலிருந்தே திருப்பிக் காட்டினாள். அதில் அவள் பெயர் இருந்தது. நாடா பழுப்பேறாமல் வெள்ளையாக இருந்தது. "அத்தை போய் ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள தட்டு கேட்டு வந்துட்டீங்களா ஆன்ட்டி" என்றாள். அதன் பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, டார்லா பெயரை மாற்றி ஒட்டியதாகப் புகார் கொடுத்தேன்.

இன்று டார்லா தட்டை ஒப்படைத்ததன் பேரில், அதிகாரி என் முன்னிலையில் மேல் நாடாவை உரித்தார். அடியில் என் பெயருள்ள பழைய நாடா அப்படியே இருந்தது. நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். அவர் உரித்த நாடாவை நீட்டினார். அதில் இருந்தது வெர்னாவின் கையெழுத்துதான். கை நடுங்கி எழுதியது. மூலையில் பொடியாகப் பிப்ரவரி 14 என்று தேதி போட்டிருந்தாள்.

அன்று அவளைப் பார்க்கப் போனீர்களா என்று அதிகாரி கேட்டார். போனேன். வெட்கத்தால் இதை முன்பே சொல்லவில்லை. அந்த வாரம் டார்லா அங்கே தங்கியிருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. வெர்னா முடியாத உடம்போடு எனக்குக் காபி எடுக்க உள்ளே போன நேரத்தில், கோழித் தட்டை எடுத்துத் திருப்பி என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நிமிர்ந்தபோது அவள் இரண்டு கோப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். "இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். அதன் பிறகு இருவரும் காபி குடித்தோம்.

டார்லா மேல் நடவடிக்கை வேண்டாம். தட்டும் வேண்டாம். என் பெயருள்ள பழைய நாடாவை மட்டும் கேட்டேன். உரித்தால் கிழிந்துவிடும் என்றார் அதிகாரி.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது, பொய் எதுவும் இல்லை.

ஒப்பம்: லோர்னா புரூயிட்