ஆராதனாவுக்கு ஆறு இலை

— …கட்டை அவுத்து விடுங்க அங்கப்பன். அப்புறம் நாகரிகமாப் பேசுவோம். நாற்காலியோட சேத்துக் கட்டி வெச்சுட்டு ஒரு மனுசன்கிட்ட உரையாடல் நடத்த முடியாது.

— பேசறதுக்கு வாய் இருந்தாப் போதுமுங்க சார். கையக் கட்டோணும்னு எனக்கு ஆசையில்லீங்க. நீங்கதான் போனை எடுக்கப் பாஞ்சீங்க. கயிறு அறுக்குதுங்களா? மரம் சாய்க்கறதுக்குக் கட்டற கயிறு, கொஞ்சம் முரடா இருக்குமுங்க.

— அறுக்குது.

— நல்லதுங்க.

— செல்வி, நீ என்ன சோபாவுல உக்காந்து வேடிக்கை பாக்கற? உன் புருசனை ஒருத்தன் கொடுவாளோட வந்து கட்டிப் போட்டிருக்கான்.

— நான் பொள்ளாச்சியிலிருந்து வந்து பையைக் கீழ வெக்கறதுக்குள்ள கட்டி முடிச்சுட்டாருங்க. நம்ம காளியாத்தா அண்ணனாச்சேன்னு நாந்தான் கதவத் தொறந்தேன். காபி போடட்டுமான்னு வேற கேட்டேன். ஏனுங்கண்ணா, என்னதான் ஆச்சு? வியாழக்கிழமை அவ படியில வழுக்கி விழுந்துட்டான்னு இவரு போன்ல சொன்னாரே.

— அதைக் கேட்டுப்போட்டுப் போலாமுன்னுதானுங்க அம்மணி வந்தேன். கீழ கேட்டுல வாட்ச்மேன் எழுதற நோட்டுலயும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. 'வேலைக்காரி படியில் வழுக்கி விழுந்தார்.' குடியிருப்புச் சங்கத்துக்காரரு ஒருத்தரு, எதையோ திருடிட்டு ஓடறப்ப உழுந்திருப்பாங்கறாரு. என்ர தங்கச்சி வழுக்கியும் உழுகல, திருடவும் இல்லைன்னு சார் அவரு வாயால சொல்லோணும். அவ்வளவுதானுங்க.

— பதினொரு மணிக்குக் கீழ ஹால்ல எனக்குப் பேச்சு இருக்கு. நூறு பேர் வருவாங்க. 'இலைகளிடம் கற்போம்: வன்முறையற்ற வாழ்வு'ன்னு தலைப்பு.

— பேனர் பாத்தனுங்க. உங்க போட்டோவும் இருந்துச்சு, செடி போட்டோவும் இருந்துச்சு. செடி நல்லா உழுந்திருக்குது.

— நான் நூத்தி இருபது பேருக்கு மேனேஜர். கோபத்தைக் கையாள்றது எப்படின்னு ஆபீஸ்ல பயிற்சி குடுக்கறதே நான்தான். உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பொண்ணு, அவங்க பேரு… காளியம்மா…

— காளியாத்தாங்க. நாலு வருசமா இந்த ஊட்டுல கூட்டிப் பெருக்கினவ. போச்சாதுங்க, மறதிக்கெல்லாம் நான் கணக்கு வெக்கறதில்லீங்க. இதுதானுங்களா அந்தச் செடி?

— அதைத் தொடாதீங்க.

— பேரென்னங்க?

— ஃபிலோடென்ட்ரான். தென்னமெரிக்கக் காட்டுச் செடி. இலையில பாதி வெள்ளை, பாதி பச்சை வர்றது லட்சத்துல ஒண்ணு. காத்துல ஈரம் எழுபது சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. நேர் வெயில் ஆகாது. வெறுங்கை படக் கூடாது, நம்ம தோல்ல இருக்கற எண்ணெய் அதோட சுவாசத்தை அடைச்சுரும்.

— அதுக்கு இவரு வெச்ச பேரு ஆராதனா, அண்ணா. அது பக்கத்துல மிளகாய் தாளிக்கக் கூடாது, தும்மக் கூடாது. காலையில அரை மணி நேரம் வீணை போடோணும். நான் இந்த ஊட்டுல சத்தமாச் சிரிச்சு ஒண்ணரை வருசமாச்சு.

— வெயிலே படாத செடிங்களா? எங்க பக்கம் அதைச் சீக்காளின்னுதானுங்க சொல்லுவோம். ஒண்ணு, ரண்டு… ஆறு இலை. போதுமுங்க. நீங்க சொல்ற ஒரு பொய்க்கு ஒரு இலை, மேலிருந்து வாரேன். என்ர தங்கச்சி எங்க உழுந்தா?

— படியில.

— சரிங்க.

— வெட்டிட்டான். செல்வி, வெட்டிட்டான். அது புதுத் தளிர். மூணு மாசமாச் சுருண்டிருந்து முந்தாநாள்தான் விரிஞ்சது.

— கத்தாதீங்க. சத்தம் போட்டா அது பயந்துக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க.

— இன்னும் அஞ்சு இருக்குதுங்க. நான் மரம் வெட்டறவனுங்க சார். ரோட்டை அகலமாக்கறதுக்கு நூறு வருசத்துப் புளியமரத்தையே சாச்சிருக்கறேன். இது எனக்குக் கொத்தமல்லி கிள்ளறாப்புல. இலை தீந்துபோச்சுன்னா உங்க வெரலுக்கு வாரேனுங்க. அதையும் மரியாதையா ஒண்ணொண்ணாத்தான் எடுப்பேன்.

— ஜெயிலுக்குப் போவீங்க.

— போறனுங்க. எங்க உழுந்தா?

— இங்க. இந்த ஹால்லதான். சரியா? டைல்ஸ் ஈரமா இருந்தது, கால் வழுக்கி…

— ஹால்லங்கறது நெசமுங்க. வழுக்கினதுங்கறது பொய்யுங்க. அதனால பாதி இலை.

— பாதியா வெட்டாத. பாதி இலை அழுகி, தண்டு முழுக்கப் பரவும்.

— அப்படீங்களா? அப்ப முழுசா எடுத்துடறனுங்க. இப்ப நாலு.

— அண்ணா, அவளுக்கு எங்கதான் அடி?

— காதுக்கு மேலங்க அம்மணி. சுண்டு வெரல் போறாப்புல ஒரு ஓட்டை. நானும் எத்தனையோ பேரு மரத்துலிருந்து உழுந்து பாத்திருக்கறேன். படிக்கட்டு இடிச்சா மண்டை ஒடையும், பள்ளம் உழுகும். ஓட்டை போடாது. மூக்கு வெச்ச சாமான்தான் ஓட்டை போடும். சன்னலோரம் ஒரு பித்தளைக் கெண்டி இருக்குதே, அதென்னங்க?

— செடிக்குத் தண்ணி ஊத்தறதுங்க. கும்பகோணத்துல சொல்லிச் செஞ்சு வாங்கினாரு. மூக்கு ஏன் வளைஞ்சிருக்கு? போன வாரம் நான் வெளக்கறப்ப நேராத்தானே இருந்துச்சு.

— கை தவறிக் கீழ விழுந்துருச்சு.

— ஏனுங்க, யோசிச்சுச் சொல்லியிருக்கலாமில்ல.

— மூணாவதும் போச்சுங்க.

— டேய். பரதேசி நாயே. கட்டை அவுத்துட்டு வாடா பாக்கலாம். உன் குரல்வளையக் கடிச்சுத் துப்பலைன்னா… எடுடா கைய. செடிமேலிருந்து கைய எடுடா.

— ஒதைக்காதீங்க சார். நாற்காலி சாஞ்சிரும்.

— உன் வம்சமே… அம்மா. முட்டி. என் முட்டி போச்சு.

— கொடுவா முதுகாலதானுங்க தட்டுனேன். வாய்ப்பக்கம் இன்னும் திருப்பலீங்க. ரொம்ப வலிக்குதுங்களா?

— ரத்தம் வருது செல்வி.

— வருதுங்க. டைல்ஸ்ல சொட்டுது. தொடைக்கறதுக்குத்தான் மூணு நாளா ஆள் வரல.

— இன்டர்காம் அடிக்குதுங்க அம்மணி. எடுங்க. என்ன வேணா சொல்லுங்க, நான் தடுக்கலீங்க.

— அலோ. ஆமாங்க. மைக் ரெடிங்களா? குத்துவெளக்கும் ஏத்தியாச்சா. வந்துருவாருங்க, செடிக்கு இலை கழிச்சிட்டிருக்காரு. வெக்கறனுங்க.

— ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?

— கதை பாதியில நிக்குதுங்க. கெண்டி எப்படி வளைஞ்சுதுன்னு நானும் தெரிஞ்சுக்கோணுமில்ல.

— சரி. அடிச்சேன். போதுமா? ஒரு கணம் நிதானம் தவறிட்டேன். ஆனா ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. இன்னைக்குப் பேச்சோட கீழ நடக்கற செடிக் கண்காட்சியில முதல் வரிசையில வெக்க வேண்டியது. ஒரு மீட்டிங் முடிச்சுட்டு ரூமிலிருந்து வந்து பாக்கறேன், பால்கனியில உச்சி வெயில்ல இருக்கு. சித்திரை வெயில்ல. துண்டை நாலா மடிச்சு, அது மேல தொட்டிய வெச்சிருக்கா. அடி இலையில பழுப்பாக் கருகல், இவ்வளவு பெருசு.

— எதுக்காம் வெயில்ல வெச்சா?

— 'பாவமுங்க சார், பொறந்ததுலிருந்து ஏசிக்குள்ளயே கெடக்குது, சித்தே வெயில் காயட்டும்'கறா. சிரிச்சுட்டுச் சொல்றா செல்வி. எனக்கு என்னமோ பெரிய உபகாரம் பண்ணிட்ட மாதிரி.

— அவளுக்குத் தெரிஞ்சது அதுதானுங்க. காட்டு வேலைக்குப் போனவ, வெயில் பட்டாத்தான் பயிருன்னு நெனச்சுட்டா. எத்தனை அடிங்க?

— ஒண்ணு.

— நாலாவது இலை…

— ரெண்டு. ரெண்டு. இரு. மொத அடியில அவ தலையப் புடிச்சுட்டுக் கீழ உக்காந்துட்டா. ரெண்டாவது அப்பத்தான்.

— உக்காந்தவளையா?

— நீ இதுல தலையிடாத. உனக்கு என் மன அழுத்தம் தெரியாது.

— ரண்டுன்னு ஒத்துக்கிட்டீங்க, அதனால இலைய விட்டுட்டனுங்க. மூணு இருக்குது. அப்புறம் என்ன பண்ணுனீங்க?

— உடனே வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஆட்டோ வரவெச்சு…

— உடனேங்களா? பன்னண்டரைக்கு அவ எனக்குப் போன் போட்டா. 'சாரோட செடி வெயில் காயுது, எடுத்து உள்ள வெச்சுப்போட்டு வாரேண்ணா'ன்னா. ஆட்டோ வந்தது ஒண்ணே முக்காலுன்னு கேட்டு நோட்டு சொல்லுது. இது பெரிய பொய்யுங்க சார். இதுக்கு ரண்டு இலை.

— ஐயோ. ஒண்ணுதான் இருக்கு. கருகினது மட்டும்தான் இருக்கு. அதுவும் போச்சுன்னா மூச்சு விட வழியில்லாமச் செத்துரும்.

— வெட்டிட்டு வெரலுக்கு வரட்டுங்களா?

— சொல்றேன். அந்த இலையிலிருந்து கொடுவாளை எடு, சொல்றேன். அவ சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. கண்ணு தொறந்துதான் இருந்தது. நான் மொதல்ல ஆராதனாவை உள்ள கொண்டுவந்தேன். தொட்டி கொதிச்சுட்டு இருந்தது, வேர் வெந்துருமேன்னு தொட்டி மாத்தினேன். தேங்காய்நார்த் தூளு, கரித்துண்டு, புது மண்ணு. அதையெல்லாம் அவசரத்துல பண்ண முடியாது, ஒவ்வொரு வேராப் பிரிக்கணும், இல்லைன்னா அறுந்துரும். நாப்பது நிமிசம் ஆச்சு. அப்புறம் இலை குளிரணும்னு தண்ணி தெளிச்சேன்.

— அதுவரைக்கும் காளியாத்தா என்ன பண்ணுனா?

— தண்ணி கேட்டா.

— குடுத்தீங்களா?

— கையெல்லாம் மண்ணா இருந்தது செல்வி.

— தெளிச்சீங்களே, அந்தத் தண்ணி?

— அது செடிக்குன்னு உப்பு பிரிச்சு வெச்ச தண்ணி.

— அண்ணா, அந்தக் கடைசி இலைய ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?

— உள்ளதச் சொல்லிப்போட்டாருங்க அம்மணி. நான் சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க.

— வாக்குக் குடுத்தது நீங்கதானே. நவுருங்க.

— செல்வி, வேண்டாம். அது ஒரு உயிர். செல்வி, நான் சொல்றதைக் கேளு, தொட்டியக் கீழ வெய்யி… வேரோட பிடுங்கிட்டியே. தண்டை ஒடிக்காத. மிதிக்காத. ஐயோ, காலால தேய்க்கறாளே. ஒண்ணரை வருசமாக் கண்ணுல வெச்சு வளத்தேன். எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு.

— கையெல்லாம் மண்ணுங்க.

— எல்லாரும் சேந்து என்னை முடிச்சுட்டீங்க. சரி. நான் கீழ்த்தரமான ஆள் இல்ல. தப்பை ஒத்துக்கற பக்குவம் எனக்கு உண்டு. அந்தப் பொண்ணை நேர்ல பாத்து மன்னிப்பே கேக்கறேன். ஆஸ்பத்திரியில எந்த வார்டு?

— வார்டுல இல்லீங்க. நேத்துப் பொழுதோட சூலூருக்கே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டமுங்க.

— பாத்தியா செல்வி? வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. பெரிய அடியா இருந்தா மூணே நாள்ல அனுப்புவாங்களா? இதுக்குப் போயி ஒரு உயிரை மிதிச்சுக் கொன்னுட்டே. கட்டை அவுத்து விடுங்க அங்கப்பன். பதினொரு மணிப் பேச்சை முடிச்சுட்டு, சாயங்காலம் நிதானமா வந்து, அவ கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறேன். எத்தனை பேர் முன்னாடி வேணும்னாலும் கேக்கறேன். பணிவுங்கறது எனக்குப் புதுசில்ல.

— சாயங்காலமெல்லாம் ஆகாதுங்க சார், இப்பவே வாங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறோம், சித்தே சத்தமாத்தான் கேக்கோணும். நாலு மணிக்கு எடுக்கறமுங்க.