பத்தாவது வரிசையில் ஒரு கையெழுத்து

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் டெல்லிக் குடியிருப்புத் தமிழ் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ராமசுப்ரமணியன் ஐயா அவர்களே! முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! பின்வரிசையில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! பட்டுப்புடவை தெரிய வேண்டுமா, ஸ்வெட்டர் போட வேண்டுமா என்று காலையெல்லாம் போராடி, கடைசியில் குளிரிடம் தோற்றுப்போன அக்காமார்களே! சமையல் பந்தலில் கரண்டியைப் பிடித்தபடி, இந்தப் பெண் எப்போது முடிப்பாள் என்று எட்டிப் பார்க்கும் அண்ணன்மார்களே! தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் என் தம்பி தங்கைகளே! அனைவருக்கும் தமிழ்செல்வியின் வணக்கம்.

இன்று நம் மன்றத்தில் ஒரு கணினி அறையைத் திறந்திருக்கிறோம். ஐந்து கணினிகள். "கணினியால் விளையும் பயன்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பயன்களைப் பட்டியல் போட எனக்குத் தெரியாது. உள்ளே நுழையும்போது அந்த அறையின் கதவில் ஒரு பலகையைப் படித்தேன். "மன்ற உறுப்பினர் குடும்பத்தாருக்கு மட்டும். வெளியார் சிடி, பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது." அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். காரணம் கேட்பீர்கள். காரணம் ஒரு கதையாக இருக்கிறது. மூன்று ஆண்டு பழைய கதை. எங்கள் வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம் போடுவது என்று நாங்கள் முடிவு செய்த கதை.

என் அப்பா பூவராகவனை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். அதோ, தூணுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா, மறையாதீர்கள், எல்லோரும் பார்த்தாகிவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் மத்திய அரசில் எழுத்தர். அதில் கடைசிப் பதினோரு ஆண்டு, தம் அமைச்சகத்தின் விஜிலென்ஸ் பிரிவில். யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று தோண்டிப் பார்க்கும் பிரிவு. பக்கத்து மேசைக்காரர் தீபாவளிக்கு ஒரு பாதாம் பெட்டி நீட்டினால்கூட, எதற்கு என்று எழுத்தில் கேட்கக்கூடிய மனிதர்.

இரண்டாயிரத்து ஐந்து. நான் பன்னிரண்டாம் வகுப்பு. கணினி அறிவியல் பாடம். அடுத்த ஜனவரி இருபதாம் தேதி செய்முறைத் தேர்வு. அன்றைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் முப்பது மதிப்பெண். காட்டாவிட்டால் முட்டை. அதற்காகவே அப்பா நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குப் போய், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கணினியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். திரையை அம்மா மடியில் வைத்திருந்தாள். சரோஜினி நகர் கூட்டத்தில் ஆட்டோ நின்று நின்று வர, ஒவ்வொரு குலுக்கலுக்கும், "பையா, ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, மெதுவாகப் போகச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து கெஞ்சினார்களாம். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதுகூட ஆட்டோக்காரரிடம் அப்படிக் கெஞ்சியதில்லை என்று அம்மா இன்றும் சொல்வாள்.

அக்டோபரில் அந்தக் கணினி படுத்துவிட்டது. வைரஸ். பழுது பார்க்க வந்தவர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றார். உறையில்லாத சிடி. மேலே மார்க்கர் பேனாவால் எழுதிய சிடி. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பில் கேட்டார். வந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் இருந்ததும் இதே சரக்குதானா என்று கேட்டார். ஆமாம் சார், டெல்லி முழுக்க இதுதான் என்று பதில் வந்தது. அப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டுச் சொன்னார்: "ஆபீஸ்ல ஒக்காந்து ஊரான் திருட்டைப் புடிச்சிட்டு, வீட்ல திருட்டு சிடி வச்சிக்கிறதா? இந்த வீட்ல அது வேணாம்."

சிரிக்கிறீர்கள். நானும் இன்று சிரிக்கிறேன். அன்று அழுதேன். ஏனென்றால் அசல் விண்டோஸின் விலை எங்கள் குடும்பத்துக்கு எட்டாத விலை. திருடியும் வாங்கக் கூடாது, திருடாமலும் வாங்க முடியாது என்றால், எழுத்தர் வீட்டுப் பெண் எங்கே போவாள்? நான் மகாதேவன் சார் வீட்டுக்குப் போனேன். மத்திய அரசுத் துணைச் செயலாளர் வீடு. அகலமான வராந்தா, அசல் கணினி. கையில் ஒரு ஃப்ளாப்பியோடு போய் நின்றேன். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி கதவைத் திறந்து, அன்பாகத்தான் சொன்னார்: "செருப்பை அங்க விட்டுடு கண்ணா. அந்த ஃப்ளாப்பியையும் அங்கயே வெச்சுடு. வெளி ஃப்ளாப்பி போட்டா வைரஸ் வந்துடும்னு மாமா சொல்லியிருக்கார்."

செருப்புக்குப் பக்கத்தில் என் ஃப்ளாப்பி. உள்ளே போய் உட்கார்ந்து டைப் அடிக்கலாம். அடித்ததை எடுத்துக்கொண்டு போக முடியாது. என்ன பயன்? குனிந்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மாமி முன்வரிசையில்தான் இருக்கிறார். என்ன சொல்கிறீர்கள் மாமி? "இன்னும் அதை விடலையாடி நீ" என்கிறார். விடவில்லை மாமி. விடவும் மாட்டேன். ஆனால் பொறுங்கள், இந்தக் கதையில் உங்களுக்கு ஒரு நல்ல இடமும் வருகிறது.

அப்போதுதான் எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு கணினிப் பத்திரிகை மூலமாக லினக்ஸ் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. விண்டோஸைப் போல அதுவும் ஓர் இயங்குதளம். காசு கிடையாது. திருட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்ன செய்தார்? வேறென்ன செய்வார்? ஒரு கோப்பு திறந்தார். அட்டை போட்டு, பச்சைக் கயிறு கோத்து, "பொருள்: வீட்டுக் கணினிக்கு இயங்குதளம்" என்று எழுதினார். அரசாங்கத்தில் ஒரு குண்டூசி வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, அதில் குறைந்ததை எடுக்க வேண்டும். ஆகவே மூன்று லினக்ஸ்கள். ஃபெடோரா, டெபியன், உபுண்டு. கோடு போட்டு அட்டவணை. விலைக் கட்டத்தில் முதலாவதுக்குப் பூஜ்யம். இரண்டாவதுக்குப் பூஜ்யம். மூன்றாவதுக்கும் பூஜ்யம். அப்பா பேனாவை மூடிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவருக்கு இப்படி ஒரு சோதனை வந்ததே இல்லை.

விலை கைவிட்டதால் வேறு கேள்விகள் கேட்க வேண்டியதாயிற்று. நம் கணினியின் சின்ன நினைவகத்தில் ஓடுமா? எத்தனை சிடி? போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்ப முடியுமா? ஃபெடோராவுக்கு நான்கு சிடி, எங்கள் கணினிக்குக் கனமான சுமை. டெபியனில் நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு அறிவு போதாது, ஒப்புக்கொள்கிறேன். உபுண்டுவில் ஒரு உறைக்குள் இரண்டு சிடி. ஒன்று, கணினியில் எதையும் அழிக்காமல் போட்டுப் பார்க்க. பிடித்தால், மற்றொன்று நிறுவ. இன்டர்நெட் கடைக்குப் போய் அவர்கள் தளத்தில் பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டால், அதை உருவாக்கியவர்களே தபாலில் அனுப்புவார்கள், தபால் செலவும் அவர்களுடையது. மூன்றாவதற்கு நேராக அப்பா சிவப்பு மையில் டிக் அடித்தார். நான் பத்து உறை கேட்டுப் பதிவு செய்தேன்.

டிசம்பர் முதல் வாரம். தபால்காரர் ஒரு பழுப்பு அட்டைப் பொட்டலத்தை நீட்டினார். வெளிநாட்டு முத்திரை. லக்ஷ்மிபாய் நகர் இரண்டாம் வகை அரசுக் குடியிருப்பில், எங்கள் படிக்கட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பொட்டலம் அதுதான். மேல்வீடு, கீழ்வீடு எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். உறையின் மேல் கைகோத்து நிற்கும் மனிதர்கள். நான் ஒன்றைப் பிரிக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இரும்மா. யாருன்னே தெரியாத ஊர்லேருந்து வந்துருக்கு. ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வச்சிக்கணும்."

"அப்பா, இது ஃப்ரீப்பா. எல்லாருக்கும் குடுக்கிறாங்க."

"ஃப்ரீயா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்னு பாக்குறதுதாம்மா எங்க செக்ஷன் வேலையே."

நம்புவீர்களா? அரசு ஊழியர் அன்பளிப்புப் பெற்றால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி, அந்தப் பத்து உறைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, பேருந்தில் கொண்டுபோய், தம் பிரிவு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டார் என் அப்பா. அதிகாரி அதை அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டிவிட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலிடம் எப்போது பதில் சொல்லும்? இந்த ஊரில் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. கிறிஸ்துமஸ் விடுமுறையும் போயிற்று. என் புரோகிராமை நான் பரீட்சைத் தாளில் பென்சிலால் எழுதினேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அது ஓடுமா ஓடாதா என்று எந்தத் தாள் சொல்லும்? ஜனவரி ஐந்தாம் தேதி அப்பாவிடம் கேட்டேன். கத்தவில்லை, கேட்டேன்: "உங்க நேர்மைக்கு நான்தான் ஃபெயில் ஆகணுமா?" அப்பா சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிக்குப் போகாமல் நான் அமைச்சகத்துக்குப் போனேன். வரவேற்பில் சீட்டு வாங்கி, பிரிவு அதிகாரி கட்டாரியா சாஹபின் முன்னால் போய் நின்றேன். அப்பா தம் மேசையில் தலை குனிந்திருந்தார். கட்டாரியா நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதை இந்தியில் கேட்டார்: "பேட்டா, பத்லே மே க்யா மாங்தே ஹைன்?" பதிலுக்கு அவர்கள் என்ன கேட்கிறார்கள்?

தாய்மார்களே, அது சரியான கேள்வி. கோடி ரூபாய்க் கேள்வி. கைநீட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவனிடமும் கேட்க வேண்டிய கேள்வி. நான் சொன்னேன்: நகல் எடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் கேட்கிறார்கள். கட்டாரியா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கோப்பை எடுத்து மூன்றே வரி எழுதினார். கொடுத்தவருக்கும் இந்த அலுவலகத்துக்கும் தொடர்பு இல்லை. பொருளுக்கு மதிப்பு இல்லை. உரியவரிடம் திருப்பித் தரலாம்.

மதிப்பு இல்லை! அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணினியில் அந்த மதிப்பில்லாத சிடி சுழன்றது. செம்மண் நிறத்தில் ஒரு திரை விரிந்தது. முரசு அடிப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. மொழிப் பட்டியலில் தேடித் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். திரையின் மூலையில் 'கோப்பு' என்று வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "முப்பது வருஷமா ஃபைல் தூக்குறேன். கோப்புன்னு எழுதி இப்பதாம்மா பாக்குறேன்" என்றார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வேலை செய்து வாழ்ந்த மனிதருக்கு, முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். கூலி வாங்காமல் எழுதியிருக்கிறார்கள். 

பெருமை மட்டும் பேசமாட்டேன். எங்கள் இன்டர்நெட் மோடத்தை உபுண்டு இரண்டு மாதம் திரும்பியே பார்க்கவில்லை. பிரிண்டர் பேசவில்லை. வீட்டில் ஓடிய புரோகிராம் பள்ளிக் கணினியில் ஓட மறுத்தது. தேர்வாளர் எதிரில், வியர்த்துக்கொண்டே இரண்டு வரி மாற்றினேன். ஓடியது. முப்பதுக்கு இருபத்தாறு.

ஆனால் அப்பாவின் கோப்பு மூடவில்லை. மற்றவர்க்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாரியா முன்னால் வாக்குக் கொடுத்தாகிவிட்டதே! பத்து வரிசை போட்டு ஒரு தாள் தயாரித்தார். பெற்றவர் பெயர், கையெழுத்து, பெற்றவர் அடுத்து யாருக்குக் கொடுத்தார். இதோ அந்தத் தாள். முதல் கையெழுத்து அப்பாவுடையது. இரண்டாவது, கட்டாரியா சாஹப். நான்காவது, சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் கார் ஓட்டும் கருப்பசாமி அண்ணன். மாளிகையில் ஏலம் விட்ட பழைய கணினி ஒன்று அவரிடம் இருந்தது. எட்டாவது யார் தெரியுமா? அனந்தலக்ஷ்மி மாமி! அந்த ஏப்ரலில் அவர் வீட்டுக் கணினியையும் வைரஸ் தின்றுவிட்டது. வெளி ஃப்ளாப்பி எதுவும் போடாத கணினி! எங்கள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றப் போனார். "போட்டுக்கிட்டே வாங்க மாமி, தரை அழுக்கா இருக்கு" என்றேன். கழற்றிவிட்டுத்தான் வந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: நகல் கொடுத்த வீடுகள், ஏழு. இந்தத் தாளில் யாரும் மாமியை மிஞ்சவில்லை. கைதட்டுங்கள். மாமிக்குத்தான்.

இப்போது பலகைக்கு வருகிறேன். கருப்பசாமி அண்ணனின் மகள் வள்ளி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அந்தப் பழைய கணினியில் படித்து வளர்ந்த பெண். கணினி போன மாதம் எரிந்துவிட்டது. இன்று காலை நம் புது அறையைப் பார்க்க வந்தாள். பலகையைப் படித்தாள். அவள் அப்பா உறுப்பினர் இல்லை. திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பொட்டலத்தை அனுப்பிய, எங்கேயோ இருக்கிற எவனோ, லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிற என்னிடம் ஜாதி கேட்டானா? என் அப்பாவின் சம்பள விகிதம் கேட்டானா? குடியிருப்பது டைப் டூ வீடா, டைப் ஃபோர் வீடா என்று கேட்டானா? முகவரி கேட்டான், அனுப்பினான். அதே இயங்குதளத்தைத்தான் அந்த ஐந்து கணினிகளிலும் நான் என் கையால் போட்டிருக்கிறேன். கொடுக்கச் சொல்லி வந்த பொருளைப் பூட்டி வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்கிறேன், யார் கொடுத்தது?

பின்வரிசையில் யாரோ, எடுத்துவிடலாம் என்கிறீர்கள். முன்வரிசை இன்னும் பேசவில்லை. பரவாயில்லை.

பத்து உறைகளில் ஒன்பது போய்விட்டது. பத்தாவது இதோ. அலுவலகப் பிரதி என்று சொல்லி அப்பா பத்திரமாக வைத்திருந்தார். இன்று காலை அவரே எடுத்துக் கொடுத்தார். பழசுதான், புதுக் கணினிகளுக்கு இது உதவாது. ஆனால் தாளில் பத்தாவது வரிசை மூன்று ஆண்டாகக் காலியாக இருக்கிறது. பெற்றவர் பெயர்: நம் தமிழ் மன்றம் என்று நான் எழுதிவிட்டேன். அடுத்து யாருக்குக் கொடுத்தார் என்ற கட்டத்தில் வள்ளி என்றும் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தலைவர் ஐயா, பேனா என்னிடம் இருக்கிறது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், திட்டாமல் சிரித்த மாமிக்கும், தூணுக்குப் பின்னாலிருந்து இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் அப்பாவுக்கும் நன்றி. பொங்கல் ஆறுகிறது, எல்லோரும் சாப்பிடப் போகலாம். நான் ஐயாவின் கையெழுத்துக்காக இங்கேயே நிற்கிறேன். வணக்கம்.