ஐந்து அங்குலம்

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொல்லிக் கொண்டுவருபவர்களிடம் நான் எப்போதும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன், டீச்சர். வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. இருபது வருஷமாக வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். அளவு தப்பிவிட்டது என்று ஒருவர்கூட வந்து நின்றதில்லை.

அதனால் அம்மாவின் வெள்ளைக் கம்பை நீங்கள் சுவரோடு சாய்த்து, பையிலிருந்து டேப்பை எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்து மூன்று அங்குலம். கம்பு பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தபோது அம்மாவின் நெஞ்செலும்புவரை அளந்து நீங்கள் கொடுத்தது நாற்பத்தெட்டு. "கம்பு இவ்வளவா தேயும்?" என்று என்னைக் கேட்டீர்கள். தேயாது. நான்தான் அறுத்தேன்.

பார்வை போன பிறகு இரண்டு வருஷம் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். பிறகு நீங்கள் வந்தீர்கள். மூன்றே மாதத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து பேக்கரிவரை தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் அரட்டை. "நான் ஓட்டியிருந்தா உங்களைவிடச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்" என்று அவரை வம்புக்கு இழுப்பாளாம். பேக்கரிக்காரர் சொல்லிச் சிரித்தார். வீட்டில் என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

ஒரு நாள் அவள் சாலையைக் கடப்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்றது. அம்மா நிற்கவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இனிமே நான் கூட வரேம்மா."

"நீ வந்தா இந்தக் கம்பு எதுக்குடி? நீ உன் தையலைப் பாரு."

சண்டை போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை வராது. மதியம் அவள் தூங்கும்போது கம்பின் அடியிலிருந்த குமிழைக் கழற்றி, இரும்பறுக்கும் பிளேடால் ஒரு அங்குலம் எடுத்தேன். பிசிரை அரத்தால் தேய்த்துவிட்டுக் குமிழைத் திரும்ப மாட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது.

ஒரேயடியாகக் குறைத்தால் கைக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒரு அங்குலம் என்றால் தெரியாது. கம்பு குறையக் குறைய, எதிரே இருப்பது கொஞ்சம் தாமதமாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். முதலில் பேக்கரிப் படியில் கால் இடறியது. பிறகு யாரோ நிறுத்திவைத்த சைக்கிளில் மோதி முழங்கால் வீங்கியது.

"எனக்கு வயசாயிடுச்சுடி. கை தளர்ந்துபோச்சு போல."

தைலம் தடவிக்கொண்டே, "இருக்கும்மா" என்றேன்.

தினமும் போனவள் வாரம் இரண்டு நாள் போனாள். மற்ற நாட்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பூங்காவரை நடந்தாள். மறைப்பானேன், அந்த மாதங்கள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தன.

தடுமாறுவாள், பயப்படுவாள், வீட்டோடு இருந்துவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். விழுவாள் என்று நினைக்கவில்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். குழாய் பதிக்க நடைபாதையில் பள்ளம் தோண்டி, மூடாமல் போயிருந்தார்கள். நாற்பத்தெட்டு அங்குலக் கம்பு அதன் விளிம்பை முன்னாலேயே கண்டுபிடித்திருக்கும். நான் குறைத்துவைத்திருந்த கம்பு கண்டுபிடித்தபோது அவளுடைய கால் காற்றில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள் சொன்னாள்: "யாரையும் திட்டாதீங்க. கம்பு சரியாத்தான் இருந்தது. என் கணக்குதான் பிசகிடுச்சு." நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் முகத்தை இன்றுவரை நேராகப் பார்க்க முடியவில்லை. அவளுக்குக் கண் தெரியாது என்பது அப்போது ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இடுப்பெலும்பு கூடிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து நடக்கலாமாம். "டீச்சரை வரச் சொல்லு. முதல்லேர்ந்து கத்துக்கறேன்" என்றாள். அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன். புதுக் கம்பும் வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டு அங்குலம். இதன்மேல் பிளேடு படாது என்று கடையில் நின்றே சத்தியம் செய்துகொண்டேன்.

அதை நீங்கள் அளக்க வேண்டாம், டீச்சர். நானே அளந்துவிட்டேன். இப்போதுதான் தேறி வருகிறாள், எடுத்த எடுப்பில் அவ்வளவு நீளம் எதற்கு என்று, ஒரே ஒரு அங்குலம்தான் குறைத்திருக்கிறேன்.